நான் வெட்டிய பந்தி

1990 நவம்பர் மாதம். கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் பயிலுநராகச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. ஓரிரவு வந்த செய்திகளில் ஒன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில் ஸ்டோமி ஜோன்ஸ் என்னும் 13 வயதுச் சிறுமி காலமானதைக் கூறியது. 'மாற்று இருதயத்துடன் வாழ்ந்த சிறுமி மரணம்' எனத் தலைப்பிட்டேன். இடம் போதவில்லை, ஈரலைப் பற்றிய பந்தியை வெட்டினேன். செய்தியின் உயிர் அந்தப் பந்தியில்தான் இருந்தது என்பது விளங்க எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் சென்றது.

விளங்க வைத்தது என் இரத்தப் பரிசோதனை அறிக்கை. கெட்ட கொலஸ்ட்ரோல் 240. மச்சம் மாமிசம் தொடாத எனக்கு இது எப்படி என்று வைத்தியரிடம் வாதிட்டேன். அவர் பதில் சொல்லாமல், "உங்கள் அப்பா எத்தனை வயதில் காலமானார்?" என்று கேட்டார். நாற்பத்தாறு, மாரடைப்பு. பத்திரிகைக்காரனுக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். அன்று நான் வாயடைத்துப் போனேன்.

வீடு திரும்பி வாசிக்கத் தொடங்கியபோதுதான் ஸ்டோமியை மீண்டும் சந்தித்தேன். டெக்ஸாஸ் மாநிலத்துப் பிள்ளை. இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் ஈரலில்தான் பெருமளவு உள்ளன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்றதால், அந்த ஏற்பிகள் அவளுக்கு வேலை செய்யவில்லை. கொலஸ்ட்ரோல் ஆயிரத்தைத் தாண்டியது. ஆறு வயதிலேயே இருதயம் பழுதாகிவிட்டது. புதிய இருதயத்தை மட்டும் வைத்திருந்தால் அதுவும் அதே இரத்தத்தில் அடைபட்டுப் போயிருக்கும். எனவே 1984 பெப்ரவரி 14 அன்று, தோமஸ் ஸ்டார்ஸல் தலைமையிலான குழுவினர் இருதயத்தோடு ஈரலையும் மாற்றினர். கொலஸ்ட்ரோல் முந்நூறு அளவுக்கு இறங்கியது. ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் மறு ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் ஆய்வுகூடத்தில் கண்டதற்கு ஒரு சிறுமியின் உடல் சாட்சி சொல்லியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டற்றின் வகை மாத்திரை ஈரலின் சொந்த உற்பத்தியைக் குறைத்து, அதிக ஏற்பிகளை உண்டாக்கத் தூண்டுகிறது. பழைய ஈரலில் வேலை செய்யும் ஏற்பியே இல்லாதபோது மாத்திரை என்ன செய்யும்? புதிய ஈரல் வந்தபின் அதே வகை மாத்திரையால் அவளது கொலஸ்ட்ரோல் சாதாரண அளவையே எட்டியது. 1990இல் ஈரலழற்சியால் இரண்டாவது ஈரலும் மாற்ற வேண்டியிருந்தது. ஆயினும் அவளைக் கொண்டுபோனது கொலஸ்ட்ரோல் அல்ல. உடல் அந்த மாற்று இருதயத்தை நிராகரித்ததே காரணம்.

எனக்கு வந்திருப்பது ஒரு பக்கத்துச் சொத்து மட்டும், அப்பாவுடையது. ஏற்பிகளில் பாதியாவது வேலை செய்கின்றன. ஆகவே மாத்திரை கேட்கும் என்றார் வைத்தியர். நான் மூன்று மாதம் அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கும் இது வர சரிபாதி வாய்ப்பு உண்டு என்று அவர் சொன்ன பிறகே விழுங்கத் தொடங்கினேன்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எனக்கு இருபத்தைந்து வயதுதானே அப்பா?" என்றாள். ஸ்டோமியின் கதையை எழுதி அனுப்பினேன், இம்முறை ஈரல் பந்தியை வெட்டாமல். வெள்ளிக்கிழமை இரத்தம் கொடுக்கப் போவதாகப் பதில் வந்திருக்கிறது.