மறுகரைத் தம்பி

கொரட்டூர் ஏரிக்குப் போகிற வழியில், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பது. நான் எழுதுவதைப் படித்துக் குறை சொல்வது அவருக்குப் பொழுதுபோக்கு.

முதல் உலக யுத்தத்துக்குப் போன மதராஸ் சாப்பர் ஒருவனைக் கதாநாயகனாக வைத்து நாவல் ஒன்று தொடங்கியிருந்தேன். பெரியவரின் தாத்தாவும் மெசபடோமியா போனவர் என்று கேள்விப்பட்டு, ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘டைகிரிஸ் நதியின் மறுகரையில் துருக்கிச் சேனை கடல்போல் திரண்டு நின்றது’ என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

“கடல் போலவா? எண்ணிப் பார்த்தது யார், தம்பி?”

உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் வெள்ளி மெடல் ஒன்று. விளிம்பைச் சுற்றித் தாத்தாவின் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் இருந்தன.

“தாத்தா அந்த ஆற்றைத் தாண்டினவர். மறுகரைக் குழியில் ஒரு துருக்கிப் பையன் செத்துக் கிடந்தானாம். பைக்குள் ஒரு பிடி வறுத்த கோதுமை, வேறொன்றும் இல்லை. யுத்தத்தைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். அந்தப் பையன் எந்தப் பட்டாளம்? அதைப் பார்த்து எழுது.”

இரண்டு மாதம் படித்தேன்.

ஈராக்கில் டைகிரிஸ் கரையில் உள்ள ஊர் கூட். 1915 டிசம்பரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் படை அங்கே அகப்பட்டுக்கொண்டது. 147 நாள் முற்றுகை. குதிரை மாமிசத்தைத் தொடமாட்டோம் என்று நம் சிப்பாய்கள் பலர் எலும்பும் தோலுமானார்கள். 1916 ஏப்ரல் 29-ல் சுமார் 13,000 பேர் சரணடைந்தனர், பெரும்பாலோர் இந்தியர். ஜெயித்தவர் ஹலீல் பாஷா. எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவேண்டும் என்று துருக்கியில் 1934-ல் சட்டம் வந்தபோது, ‘கூட்’ என்பதையே அவர் தம் பெயராக வைத்துக்கொண்டார்.

அந்த வெற்றியே வினையாயிற்று. ஹலீலிடம் இருந்தவை 13-வது கோர், 18-வது கோர் என்று இரண்டு. ‘இங்கே இனிப் பயமில்லை’ என்று எண்ணி, 13-வது கோரை ரஷ்யர்களை விரட்டப் பாரசீகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது ஹமதான் வரை போய் ஜெயித்தது. டைகிரிஸைக் காக்க மிஞ்சியது காஸிம் கராபெகிரின் 18-வது கோர் ஒன்றுதான்.

அமைப்பு என்னவோ அழகானது. ஒரு கோருக்கு மூன்று டிவிஷன். டிவிஷனுக்கு மூன்று காலாட்படை ரெஜிமெண்ட். ரெஜிமெண்டுக்கு மூன்று பட்டாலியன். ஐரோப்பிய சேனைகள் பல டிவிஷனுக்கு நான்கு ரெஜிமெண்ட் என்று வைத்திருந்த காலத்திலேயே துருக்கியர் மூன்றாக்கிவிட்டார்கள். கூட்டுக் குடும்பக் கணக்குத்தான்: மூன்று பிள்ளை, ஒன்பது பேரன், இருபத்தேழு கொள்ளுப் பேரன். ஆனால் இலை போடும்போது அல்லவா தெரியும், எத்தனை பேர் மிச்சம் என்று!

இலையில் பரிமாறவும் ஒன்றுமில்லை. பாக்தாத் ரயில் பாதை பாதியில் நின்றிருந்தது. மீதி நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு ஒட்டகமும், ஆட்டுத்தோலை ஊதிக் கட்டிய தெப்பமும்தான். தானியமும் தோட்டாவும் புது ஆளும் அப்படித்தான் வந்து சேர வேண்டும்.

1916 டிசம்பரில் ஜெனரல் மாட் சுமார் 50,000 பேரோடு புறப்பட்டார். எதிரே இருந்தது அதைவிட மிகச் சிறிய படை. 1917 பிப்ரவரி 23 விடியற்காலையில், கூட்டுக்கு மேலே ஷும்ரான் என்ற ஆற்று வளைவில் படகுகள் கிளம்பின. மூன்று துறைகளில் இரண்டில் குண்டுமழை. படகுகள் பிணங்களோடு மிதந்தன. ஆனாலும் மாலைக்குள் பாலம் எழும்பிவிட்டது. ஆற்றைத் தாண்டிய 14-வது டிவிஷனின் எஞ்சினீயர்களில் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். மறுநாள் கூட் கைமாறியது. மார்ச் 11-ல் பாக்தாத். பாரசீகம் போன கோரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அது வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

படித்ததில் இன்னொன்றும் அகப்பட்டது. மதராஸ் சாப்பர்களைப் பட்டாளத்தில் ‘தம்பி’ என்பார்கள். அது நாம் அறிந்ததே. துருக்கியில் சாதாரண சிப்பாய்க்குச் செல்லப் பெயர் ‘மெஹ்மெத்சிக்’. அதாவது ‘நம்ம சின்ன மெஹ்மத்’. ஆக, அன்று இந்தக் கரையிலும் ஒரு தம்பி, அந்தக் கரையிலும் ஒரு தம்பி!

பெரியவரிடம் போய்ச் சொன்னேன்: “ஐயா, அந்தப் பையன் 18-வது கோர். 45, 51, 52 என்று அதில் மூன்று டிவிஷன். அந்த மூன்றில் ஒன்று.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், ஐயா.”

அவர் மெடலை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். “தாத்தாவுக்கு நம்பர் இருக்கிறது, பேர் இருக்கிறது. அவனுக்கு மூன்றில் ஒன்று.” சற்று நேரம் கழித்து, “கடலை அடித்துவிட்டாயா?” என்று கேட்டார்.

அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒரு பிடி வறுத்த கோதுமை இருக்கிறது.