உரோமைச் சந்தையில் ஒரு நாள்

உரோமைக்கு யாத்திரை செல்வோர் ஆலயங்களைத் தரிசித்துத் திரும்புவர். அந்நகரத்தார் உண்பதைக் காண்போர் சிலரே. நம்முடன் வந்திருந்த பங்குத் தம்பதியர் ஒரு நாள் முழுவதையும் அதற்கென ஒதுக்கினர். நாமும் உடன் சென்றோம்.

காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் 1869 முதல் காலைச் சந்தை கூடி வருகிறது. 1600-இல் ஜியோர்தானோ புரூனோ எரிக்கப்பட்ட இடம் அது; அவருடைய சிலைக்கருகே இன்று தக்காளி விற்கிறார்கள். அம்மையாரோ சிலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. தாமரை மொட்டுப் போன்ற 'கார்ச்சோஃபோ' என்னும் காயின் முரட்டு இதழ்களை ஒரு மூதாட்டி கத்தியால் சுற்றிச் சீவிய லாவகத்தையே கால் மணி நேரம் நின்று ரசித்தார். மொழி தெரியாமலே இருவரும் பேசிக்கொண்டனர்!

காப்பியை அவ்வூராரைப் போல் நின்றவாறே பருகினோம். அமர்ந்து பருகினால் விலை கூடுதல்.

நண்பகலில், அருகேயுள்ள யூதர் குடியிருப்பில் ஓர் உணவகத்தை நாடினோம். பாப்பரசர் நான்காம் பவுல் 1555-இல் யூதர்களை மதிலுக்குள் அடைத்த பகுதி அது. அவ்வாறு அடைபட்டிருந்தோரின் சமையலைத் தேடி இன்று ஊரே அங்கு வருகிறது. காலையில் கண்ட அதே காய், எண்ணெயில் இருமுறை பொரிந்து, பொன்னிற மலராய் விரிந்து வந்தது.

பணியாளர் மூவருக்கும் ஒருசேரத் தட்டுகளை வைத்ததும், அம்மையார் பரிமாறும் பழக்கத்தில் எழுந்துவிட்டார். கணவர் கையைப் பற்றி அமர்த்தினார். மணமாகி 31 ஆண்டுகளில், இருவரும் அருகமர்ந்து ஒரே வேளையில் உண்டது அரிதாம். நம் வீடுகளில் இது புதுமையன்று. வீடு மந்திரிக்கச் செல்லும் நமக்கு முதற்பந்தி, சமைத்தவருக்குக் கடைசிப் பந்தி.

அன்று அவர்கள் உண்டு முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. மாலையில் காண எண்ணியிருந்த பேராலயத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்தோம்.