கிரீஸ் கணக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் செயினில் ஊர்ந்து போகும் மண் வெட்டும் வண்டி எதுவானாலும் அதற்குப் பெயர் ஹிட்டாச்சி. டயரில் ஓடி, முன்னாடி ஒன்றும் பின்னாடி ஒன்றுமாக இரண்டு பக்கெட் இருந்தால் ஜேசிபி. செய்தித்தாள்காரர்களுக்கு மட்டும் எல்லாமே பொக்லைன். மூன்றுமே கம்பெனிப் பெயர்கள். முதலாவது ஜப்பான், அடுத்தது இங்கிலாந்து, கடைசி பிரான்ஸ். எக்ஸ்கவேட்டர் என்ற பொதுப் பெயரை நான் சர்வீஸ் கையேட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பி.காம் படிக்கிறவனுக்கு சர்வீஸ் கையேட்டில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்கிறேன்.

மாமா (அம்மாவின் தம்பி) ஒரு 20 டன் வண்டி வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பாதிக்கு மேல் ஃபைனான்ஸ். கல்குவாரி, லே-அவுட், ஏரி தூர்வாருவது என்று மணிக்கணக்கு வாடகைக்குப் போகும். என்ன கம்பெனி வண்டி என்பது இங்கே வேண்டாம். நடந்ததில் வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை.

2024 மே மாதம், முதல் வருடம் முடிந்த லீவு. "நீதான் காமர்ஸ் படிக்கிறியே, இதக் கொஞ்சம் பாருடா" என்று ஒரு மஞ்சப் பை நிறைய பில்லைக் கொண்டுவந்து கொடுத்தார் மாமா. எனக்கு ஒரே குஷி. வகுப்பில் கற்பனைக் கம்பெனிகளுக்கே பேரேடு போட்டவனுக்கு நிஜமாகவே ஒரு வியாபாரம் கையில் கிடைத்தது. எக்செல்லில் போட்டு நான்கு நாளில் முடித்துவிட்டேன்.

அடுத்தது, எதைக் குறைக்கலாம்? டீசல் குறையாது. டியூ குறையாது. ஆபரேட்டர் சம்பளம், பேட்டா, ஹெல்பர் கூலி எதிலும் கை வைக்க முடியாது. மிச்சம் இருந்த பட்டியலில் ஒரு வரி என் கண்ணை உறுத்தியது. கிரீஸ். மாதாமாதம் பக்கெட் பக்கெட்டாக வாங்கியிருந்தார்கள். ஒரு இரும்பு வண்டி இவ்வளவு கிரீஸைத் தின்னுமா? எனக்கு வேறு மாதிரி சந்தேகம் வந்தது. என்ன சந்தேகம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. வெளியே விற்கிறார்களோ என்று நினைத்தேன்.

வண்டி நின்ற இடத்துக்கே போனேன். ஆபரேட்டர் அண்ணன் 20 வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர்.

"அண்ணா, மாசத்துக்கு இத்தன பக்கெட் கிரீஸ் எங்கண்ணா போகுது?"

"பின்னுக்குத்தான் தம்பி. தெனமும் அடிக்கிறோம்ல."

"அடிக்கிறதுல பாதி வெளிய வழிஞ்சு கீழதானே விழுது? இப்ப நானே பாத்தனே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வழியணும் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அது சமாளிப்பாகத் தெரிந்தது. மாமாவிடம் போய், என் சந்தேகத்தையும் லேசாகக் கோடு காட்டி, கிரீஸைப் பாதியாக்கச் சொன்னேன். டியூ தேதி நெருங்கும் டென்ஷனில் இருந்த மாமாவும் சரி என்று சொல்லிவிட்டார். ஆபரேட்டர் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூன் மாதக் கணக்கில் லாபம் கொஞ்சம் ஏறியது. "உன் பையன் பொழச்சுக்குவான்" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு காலேஜுக்குத் திரும்பினேன்.

அந்தச் சமயம் வண்டி குவாரியிலிருந்து ஏரி வேலைக்குப் போயிருந்தது. பக்கெட் நாள் முழுக்கச் சேற்றுக்குள் முங்கி எழுந்துகொண்டிருந்தது. சேற்றிலும் தண்ணீரிலும் வேலை என்றால் கிரீஸ் வழக்கத்தைவிடக் கூடுதலாக அடிக்க வேண்டும். நான் பாதியாக்கிய மாதம் அது.

ஜூலை கடைசியில் மாமா போன் செய்தார். பக்கெட்டும் ஆர்மும் சேரும் இடத்தில் பின்னு கிறீச்சிடுகிறது, பக்கெட் ஆடுகிறது என்றார். சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பின்னைக் கழற்றப் பெரிய சுத்தியலால் இருவர் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த பின்னைப் பார்த்தால் ஒரு பக்கம் கரும்பை மென்ற மாதிரி தேய்ந்து கிடந்தது. உள்ளே இருக்கும் புஷ் வெடித்திருந்தது. புஷ் போனதோடு நிற்கவில்லை. அது உட்காரும் ஓட்டையே வட்டம் போய் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. இனி அந்த ஓட்டையை வெல்டிங் வைத்து நிரப்பி, போரிங் மிஷினை வண்டியிலேயே மாட்டி, மறுபடி வட்டமாகக் கடைய வேண்டும்.

ஆறு நாள் வண்டி நின்றது. வாடகை நின்றது. டியூ நிற்கவில்லை. நான் மிச்சம் பிடித்தது மொத்தம் இரண்டு பக்கெட் கிரீஸ்.

"ஏற்கனவே கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு தம்பி. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் ஆபரேட்டர் அண்ணன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்குத்தான் 'வழியணும்' என்றால் என்ன என்று கேட்டேன். கிரீஸ் வழுக்குவதற்கு மட்டும் இல்லையாம். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய சந்தில் மண்ணும் தண்ணீரும் புகுந்துவிடும். புது கிரீஸ் உள்ளே போகும்போது அந்த அழுக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். கருப்பாக வருவது நின்று, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஆக, கீழே விழுந்த கிரீஸ் வீணானது இல்லை, வேலையை முடித்துவிட்டு வந்தது. கொஞ்சமாக அடித்தால் மண் உள்ளேயே தங்கி, எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ராவ ஆரம்பித்துவிடும்.

அதற்கப்புறம் ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியிடம் போய் நின்றேன். கற்றுக்கொண்டதை என் புத்திக்கு எட்டிய அளவில் எழுதுகிறேன்.

முதலில் காலைச் சுற்று. சாவி போடுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். இன்ஜின் ஆயில் குச்சியை அப்போதே இழுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கி நிதானமாக நிற்கும். கூலன்ட், ஹைட்ராலிக் ஆயில் மட்டம், டீசலில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், செயின், பக்கெட் பல், எங்காவது கசிவு. எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம். சாயங்காலம் வேலை முடிந்ததும் டீசல் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. காலி டேங்கில் இருக்கும் காற்றின் ஈரம் ராத்திரிக் குளிருக்குத் தண்ணீராகிவிடும். டர்போ உள்ள இன்ஜினைச் சட்டென்று அணைக்காமல் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும்.

பிறகு மணிக்கணக்கு. இந்த வண்டிக்கு கிலோமீட்டர் கிடையாது, ஹவர் மீட்டர்தான். பெரும்பாலான 20 டன் வண்டிகளில் 500 மணிக்கு இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும், 1000 மணிக்கு ஹைட்ராலிக் ஃபில்டர், 2000 மணி வாக்கில் செயினை ஓட்டும் கியர்பாக்ஸ் ஆயில் என்று போகும். ஹைட்ராலிக் ஆயில் சில ஆயிரம் மணி தாங்கும். வண்டிக்கு வண்டி இது மாறும், கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை. பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி ஓட்டினால் ஹைட்ராலிக் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னும் சீக்கிரமே மாற்ற வேண்டும்.

எனக்கு ரொம்ப ஆச்சரியம் தந்தது ஹைட்ராலிக்ஸ்தான். பூம், ஆர்ம், பக்கெட், வண்டி நகர்வது, திரும்புவது எல்லாமே எண்ணெய் அழுத்தத்தில்தான். அழுத்தம் 350 பார் அளவுக்குப் போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். பம்ப்புக்குள் உரசும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்கள்தான், தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். ஃபில்டர் மாற்றும்போது கை தவறி விழும் ஒரு சிட்டிகை தூசுக்கு அங்கே என்ன மதிப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி ஓட்டை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் குத்து மாதிரி இருந்தாலும் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல், கை போகும். அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

செயினும் அப்படித்தான். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நான் நினைத்திருந்தேன் (சைக்கிள் ஞாபகம்!). ரொம்ப இறுக்கினால் பின்னு, புஷ், ஸ்பிராக்கெட் எல்லாம் சீக்கிரம் தேயும். ரொம்பத் தளர்ந்தால் செயின் கழன்றுவிடும். சேற்று வேலையில் மண் உள்ளே அப்பிக்கொண்டு தானாகவே இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்த்தியே விட வேண்டும். இறுக்குவதும் கிரீஸ்தான், ஒரு சிலிண்டருக்குள் அடித்து ஏற்றுவது. தளர்த்தும்போது அந்த வால்வுக்கு நேராக நிற்கவே கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு வால்வே குண்டு மாதிரி வெளியே பாயும்.

எதையும் கூடுதலாகச் செய்தால் நல்லது என்றும் இல்லை. ஏர் ஃபில்டரைத் தினமும் திறந்து, செயின் மேல் தட்டிச் சுத்தம் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் தூசு உள்ளே போக ஒரு வாய்ப்பு, தட்டினால் காகிதம் கிழியும். இண்டிகேட்டர் காட்டும்போது திறந்தால் போதும்.

சரி, இப்போது என் பாடத்துக்கு வருகிறேன்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் மண் அள்ளும் இயந்திரங்களுக்குப் பயன்படு ஆயுள் 9 வருடம் என்று போட்டிருக்கிறது. மாமா கம்பெனி இல்லை, இருந்தாலும் தேய்மானம் என்றால் நாங்கள் படிப்பது இப்படித்தான், வருடக் கணக்கில். வண்டி ஷெட்டில் தூங்கினாலும் 9 வருடம், பகல் முழுக்கக் கல் அள்ளினாலும் 9 வருடம். வண்டியோ மணிக்கணக்கில் தேய்கிறது. கிரீஸ் இல்லாத ஒரு மணியும் கிரீஸ் உள்ள ஒரு மணியும் அதற்கு ஒன்று கிடையாது. என் எக்செல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

செய்த செலவுக்குத்தான் வவுச்சர் உண்டு. செய்யாமல் விட்ட பராமரிப்புக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது. அது லாபம் என்ற பெயரில் வந்து உட்காரும். ஜூன் மாதம் நான் காட்டியது லாபமே இல்லை. ஆர்மில் இருந்த இரும்பைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து வரவு வைத்திருக்கிறேன். வருங்காலப் பராமரிப்புக்கு ஒதுக்கு உருவாக்கலாமா என்று பார்த்தால், கணக்கியல் தரநிலை 29 அதற்கு இடம் தருவதில்லை. இன்றைக்கு அது கடமை இல்லையாம், வேண்டாமென்றால் வண்டியை நிறுத்திவிடலாமே என்பது வாதம். சட்டப்படி சரிதான். டியூ கட்டுகிறவனுக்கு அந்த வசதி இல்லை.

அதனால் மாமாவுக்கு ஒரு சாதா நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். இடது பக்கம் ஹவர் மீட்டர் எண், அன்றைக்கு என்ன செய்தார்கள், அடுத்தது எத்தனை மணிக்கு. வலது பக்கம், ஓடிய ஒவ்வொரு மணிக்கும் ஒரு சின்னத் தொகையைத் தனி பேங்க் கணக்கில் போட்ட விவரம். ஃபில்டர், பின்னு, என்றைக்காவது மாற்றப் போகும் செயின் செட் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான். கிரீஸுக்கு மட்டும் உச்சவரம்பு கிடையாது, ஆபரேட்டர் அண்ணன் சொன்னதுதான் அளவு.

அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். கிரீஸ் செலவைக் குறைத்ததற்கு மட்டும் இல்லை, என் மனதில் நினைத்ததற்கும். அதைச் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. "கணக்கு பாக்குறவங்க சந்தேகப்படத்தான் செய்வாங்க தம்பி. வந்து பாத்துட்டுப் படுங்க" என்றார். சொல்லிவிட்டு கிரீஸ் கன்னை என் கையில் கொடுத்தார்.

முன்பக்கம் மட்டும் பதினைந்துக்கும் மேல் நிப்பிள். ஒவ்வொன்றையும் முதலில் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் இருக்கும் மண்ணை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். ஏழாவது நிப்பிளுக்கே தோள் கழன்றுவிட்டது. இந்த வேலையைத்தான் அந்த ஹெல்பர் பையன் தினமும் விடிகாலையில், ஒரு டீயைக் குடித்துவிட்டுச் செய்கிறான். என் எக்செல்லில் அவன் பெயர்கூடக் கிடையாது, 'கூலி' என்று ஒரு வரி.

இப்போதும் மாதக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். ஏதாவது ஒரு செலவு உறுத்தினால், குறைப்பதற்கு முன்னால் பஸ் ஏறிப் போய் ஒரு தடவை நேரில் பார்த்துவிடுகிறேன். பஸ் காசும் செலவுதான், ஒத்துக்கொள்கிறேன்.