சொன்னதே கல்யாணம்

என் தாத்தா பாட்டிக்கு 1950களில் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்னி இல்லை. உறவினர், நண்பர்கள் முன்னால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான் கல்யாணம்.

நியூ ஜெர்சியில் வளர்ந்த எனக்கு இது வெறும் குடும்பக் கதை. காலேஜில் ஒரு தத்துவ வகுப்பில் ஜே.எல். ஆஸ்டினைப் படித்தபோதுதான் வேறு மாதிரி தெரிந்தது. 1955ல் ஹார்வர்டில் பேசிய உரைகளில் அவர் சொன்ன விஷயம் இதுதான்: சில வார்த்தைகள் செயலை விவரிப்பதில்லை, அவையே செயல். "சத்தியம் செய்கிறேன்" என்றால் சத்தியம் செய்தாயிற்று. ஆனால் சுற்றியிருக்கும் உலகமும் அதை ஏற்க வேண்டும்.

பாட்டியின் வார்த்தையைச் சட்டம் ஏற்கவில்லை. அந்தக் கல்யாணம் செல்லாது. 1967ல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத்திருத்தம்தான், பழைய சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்து, செல்லும் என்றது. இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும்.

"அதுவரைக்கும் நீங்க தாத்தாவுக்கு யாரு பாட்டி?" என்று போனில் கேட்டேன்.

"பொண்டாட்டிதான்டா. தினமும் அப்படித்தானே வாழ்ந்தோம்."

என் தமிழில் அமெரிக்க வாடை அடிக்கும். "நான் தமிழன்" என்றால் சிலர் சிரிப்பார்கள். அதனால் பல வருஷம் வெளியே தமிழ் பேசவே இல்லை. இப்போது எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் யாராவது தமிழ் பேசினால், நானும் தமிழிலேயே பேசுகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். பாட்டி யாருக்காகவும் காத்திருக்கவில்லையே.