வில்லிவாக்கம் டு ஆவடி: ரயில் பெட்டிக்குள் ஒரு ரம்மி பாடம்!

சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் மாலை நேரத்து புறநகர் ரயில். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் எதிரெதிர் சீட்டில் நான்கு பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். நடுவே மடித்த செய்தித்தாள். அதன்மேல் சீட்டுக்கட்டு. அரக்கோணம் மார்க்கத்தில் போய் வருபவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது.

பாதையும் பழசுதான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த ஊர்களைக் கடந்துதான் போனது. பிறகு 1955-ல் பெரம்பூர் ஐ.சி.எஃப்., 1961-ல் ஆவடி டேங்க் ஃபேக்டரி, 1960-களில் அம்பத்தூர் எஸ்டேட் என வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. ஷிஃப்ட் பார்த்துக் களைத்தவர்களுக்கு, இறங்கும் வரை பொழுதுபோக ரம்மி கைகொடுத்தது. பொது இடத்தில் காசு வைத்து ஆடினால் குற்றம் என்பதால், இங்கே சிட்டையில் ஏறுவது பாயின்ட் மட்டும்.

வில்லிவாக்கம்: போடும் சீட்டைப் பார்!

ஆளுக்கு 13 சீட்டு. புதிதாக ஆடுபவர் தன் கையிலிருக்கும் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அனுபவசாலியின் கண் அடுத்தவர் எதை எடுக்கிறார், எதைப் போடுகிறார் என்பதிலேயே இருக்கும். நீங்கள் போடும் சீட்டை எடுக்க முடிந்தவர், உங்களுக்கு அடுத்து ஆடுபவர் மட்டும்தான். அவர் இஸ்பேட் 8-ஐ எடுத்தால் 6, 7, 9, 10 இஸ்பேட் எல்லாம் இனி ஆபத்து. மற்ற 8-களும் அப்படியே. அவர் ஹார்ட்டின் 7-ஐத் தூக்கிப் போட்டால், ஹார்ட்டின் 6-ம் 8-ம் அவருக்குத் தேவைப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால், 8-ஐ வரவழைக்கவே 7-ஐத் தூண்டிலாகப் போடுபவர்களும் உண்டு!

இரண்டு கட்டு கலந்து ஆடுவதால் ஒவ்வொரு சீட்டும் இரண்டு தடவைதான் வரும். நீங்கள் காத்திருக்கும் சீட்டு இரண்டும் கீழே விழுந்துவிட்டால், அதை மறந்துவிட வேண்டியதுதான்.

அம்பத்தூர்: ஜப்பானில் வரிசை, இங்கே ஞாபகம்

ஜப்பானியர்களின் மாஜாங்கும் இதே போன்றதுதான். ஒன்றை எடுத்து ஒன்றைப் போடும் ஆட்டம். சீட்டுக்குப் பதில் 136 சிறு வில்லைகள். அங்கே ஒவ்வொருவரும் போட்ட வில்லை அவரவர் முன்னால் வரிசையாக, எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும். தான் ஏற்கெனவே போட்ட வில்லையை இன்னொருவர் போடும்போது, அதை வைத்து ஜெயிக்க முடியாது என்பது விதி. எனவே, ஜெயிக்கும் நிலையில் இருப்பவர் முன்பு போட்டதையே நாமும் போட்டால், அவரிடம் மாட்ட மாட்டோம்.

ரம்மியில் அந்த வசதி கிடையாது. போட்ட சீட்டின் மேல் அடுத்த சீட்டு விழுந்து மூடிவிடும். எல்லாம் மனசில்தான் நிற்க வேண்டும். 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஆந்திர மாநிலம் எதிர் சத்யநாராயணா வழக்கில், ரம்மி முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல, திறமையே அதில் பிரதானம் என்று சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்து எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும் என்றது தீர்ப்பு.

அன்னனூர்: கவிழ்க்கத் தெரிந்தவரே கெட்டிக்காரர்

101 ஆட்டத்தில் சீட்டைப் பார்த்ததும் கவிழ்த்தால் 20 பாயின்ட். பாதியில் கவிழ்த்தால் 40. கடைசிவரை போய் முழுசாகத் தோற்றால் 80. ஏற்கெனவே 60-ல் இருப்பவர் முதலிலேயே கவிழ்த்தால் 80-ல் தப்பிப்பார். வீம்புக்கு ஆடி முழுசாகத் தோற்றால் ஆட்டத்தைவிட்டே வெளியே! கையில் ஒரிஜினல் ரம்மி சேரவில்லை, ஜோக்கரும் இல்லை என்றால் கவிழ்ப்பது கோழைத்தனம் அல்ல. ஜப்பானிய மாஜாங்கிலும் ஜெயிக்கும் ஆசையை விட்டு, தோற்காமல் இருப்பதற்காகவே ஆடுவதைத் தனிக் கலையாகச் சொல்கிறார்கள்.

செல்போனில் சிக்கல் ஆனதும் இந்த இடத்தில்தான். அங்கே எதிராளியின் முகம் தெரியாது. ஒரு ஆட்டம் முடிந்த நொடியே அடுத்தது தயார். கட்டியதோ நிஜப் பணம். ஒரு கையைக் கவிழ்க்கத் தெரிந்தவர்களாலும் ஆட்டத்தையே கவிழ்த்துவிட்டு எழுந்து போக முடியவில்லை. கடன், தற்கொலை என்று செய்திகள் வர, தமிழக அரசு 2023-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மி திறமை ஆட்டம் என்பதால் அதற்கு அந்தத் தடை பொருந்தாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று மாநில அரசு விதி போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

ஆவடி

ரயில் வேகம் குறைகிறது. யார் ஜெயிக்கும் நிலையில் இருந்தாலும் சரி, சீட்டெல்லாம் ஒன்றுசேர்ந்து ரப்பர் பேண்டுக்குள் போகிறது. செய்தித்தாள் பைக்குள். பாயின்ட் சிட்டை சட்டைப் பையில். ஸ்டேஷன் வந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் காத்திருக்கிறார்கள். மிச்ச ஆட்டம் நாளைக்கு!