வாழை மரத்தின் மேல் பனி!

அமெரிக்கா என்றவுடனே நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது கனமான ஓவர்கோட்டும், பனியில் சறுக்கிக்கொண்டே டூயட் பாடுகிற சினிமா ஹீரோவும்தான். நியூ ஆர்லியன்ஸ் அந்த அமெரிக்காவில் சேர்த்தி இல்லை. இது கசகசவென்று வியர்க்கிற அமெரிக்கா. லூசியானா மாநிலத்தில், மிஸிஸிப்பி ஆறு கடலில் கலக்க இன்னும் 100 மைல் இருக்கிறது என்கிற இடத்தில் சோம்பலாக ஒரு வளைவு வளைகிறதே, அங்கே இருக்கிற ஊர். கொல்லையில் வாழை, சாப்பாட்டில் இறால், நண்டு, சோறு (சாட்சாத் அரிசிச் சோறு சார்!), ராத்திரி ஆனால் கொசு. வேறென்ன வேண்டும் நமக்கு?

இந்த ஊரில் 'ஸ்னோபால்' என்று கேட்டால், ஐஸைச் சீவி, மேலே கலர் கலராக சர்பத் ஊற்றி, டம்ளரில் வைத்துக் கொடுப்பார்கள். நம்ம ஊர் பள்ளிக்கூட வாசலில் விற்கிற அதே சமாசாரம். கோடைக்காலத்தில் கியூ நிற்கும். 'ஸ்னோ' என்றால் உள்ளூர்க்காரர்களுக்கு அதுதான். ஆகாயத்திலிருந்து விழுகிறது என்பது டெலிவிஷனில் பார்த்த விஷயம்.

அப்பேர்ப்பட்ட ஊரில், 2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, 8 அங்குலம் பனி கொட்டியது. ஏறக்குறைய ஒரு சாண்! விமான நிலையத்தில் அளந்த கணக்கு இது. அங்கே அதற்கு முந்தைய ரெக்கார்டு 1963 டிசம்பர் 31-ல் விழுந்த 2.7 அங்குலம். 2004 கிறிஸ்துமஸ் அன்றும், 2008 டிசம்பரிலும் கொஞ்சம் பொடி தூவியதோடு சரி. இந்த அளவுக்குப் பனி பார்க்க வேண்டுமென்றால் 1895-க்குப் போக வேண்டும். அதாவது, பார்த்தவர் ஒருத்தர்கூட உயிரோடு இல்லை!

அன்றைக்கு அக்கம்பக்கத்து ஊர்களும் தப்பவில்லை. லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வானிலை ஆபீஸ், பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. அந்த வளைகுடாக் கரைக்கு அப்படியொரு எச்சரிக்கை சரித்திரத்திலேயே முதல் தடவை. புளோரிடாவின் பென்ஸகோலாவில் பனி 9 அங்குலத்தை நெருங்கியது. அந்த மாநிலம் முழுவதற்குமான பழைய ரெக்கார்டே 1954-ல் விழுந்த 4 அங்குலம்தான்.

எப்படி வந்தது இந்தப் பனி? பூகோள வாத்தியாரைக் கொஞ்சம் கூப்பிடுவோம். நம்ம ஹரித்வாரும் நியூ ஆர்லியன்ஸும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, 30 டிகிரி. ஆனால் ஹரித்வாருக்கு வடக்கே இமயமலை காம்பவுண்டு சுவர் மாதிரி நிற்கிறது. சைபீரியக் குளிர் சுலபத்தில் ஏறிக் குதிக்க முடியாது. அமெரிக்காவில் மலைகளெல்லாம் வடக்கு தெற்காகப் படுத்திருக்கின்றன. நடுவே ஒரே மைதானம். கனடாவில் கிளம்புகிற குளிர்காற்று, கேட்பாரில்லாமல் வித்தவுட்டில் கடற்கரை வரை வந்து இறங்கிவிடும்.

அப்படியானால் வருஷா வருஷம் பனி கொட்ட வேண்டுமே? கொட்டாது. குளிர்காற்று வறண்ட ஆசாமி. ஈரம் வளைகுடாக் கடலிலிருந்து வர வேண்டும். வழக்கமாக மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் குளிர் வந்து சேரும். இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் பனி. முதல் நாள் நைட் ஷிப்ட் ஆளும், மறுநாள் டே ஷிப்ட் ஆளும் கேன்டீனில் சந்தித்துக்கொள்கிற மாதிரி அபூர்வம்.

நான் தங்கியிருந்தது தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் வீட்டில். அந்த ஊரின் பழைய வீடுகளுக்கு 'ஷாட்கன்' வீடு என்று பெயர். ரயில் பெட்டி மாதிரி ரூம் பின்னால் ரூம். வாசலில் நின்று சுட்டால் குண்டு எதிலும் படாமல் கொல்லை வழியே போய்விடுமாம். காற்று அப்படிப் புகுந்து போக வேண்டும் என்பதுதான் கணக்கு. வெள்ளத்துக்குப் பயந்து செங்கல் தூண்கள் மேல் வீட்டைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். தண்ணீர்க் குழாய்கள் தரைக்குக் கீழே அம்போவென்று தொங்கும். வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் பிரமாதமான வீடு. பனிக்கு? தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். குழாய் 'டப்'!

திங்கட்கிழமை ராத்திரியே நண்பரின் மனைவி ஒவ்வொரு ரூமாகப் போய்க் குழாய்களை லேசாகத் திறந்துவிட்டார்.

"அண்ணா, எதையும் மூடிடாதீங்க. விடிய விடிய சொட்டிக்கிட்டே இருக்கணும். ஓடற தண்ணி சீக்கிரம் உறையாது."

மெட்ராஸில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவன் சார் நான்! சொட்டுகிற குழாயைக் கண்டால் கை தானாகத் திருகும். ராத்திரி பூரா 'டொக்... டொக்...' தூக்கமா வரும்?

காலையில் ஜன்னலைத் திறந்தால், வாழை இலை மேல் வெள்ளை வெளேரென்று பனி! பந்தியில் இலை போட்டுத் தயிர்சாதம் பரிமாறிவிட்டுச் சாப்பிட மறந்து போன மாதிரி.

புயல் என்றால் அந்த ஊர்க் குழந்தைக்குக்கூட என்ன செய்வதென்று தெரியும். 2005-ல் கத்ரீனா ஊரையே மூழ்கடித்ததிலிருந்து மனப்பாடம். பனிக்குப் பாடம் கிடையாது. விமானங்கள் ரத்து, நெடுஞ்சாலை மூடல். கடைகண்ணி அடைப்பு. சிகாகோவில் இதே 8 அங்குலம் விழுந்தால் லேட் அட்டெண்டன்ஸுக்குக்கூட சாக்காகாது. இங்கே ஊரே லீவு!

லீவு என்றால் சும்மா இருப்பார்களா? மாடி மாடியாக ஜாஸ் சங்கீதம் ஒழுகுகிற பர்பன் தெருவில், காலில் ஸ்கீ கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார்கள். ஆற்றங்கரை மேட்டிலிருந்து அட்டைப்பெட்டி, படகு, காற்றடைத்த பிளாஸ்டிக் முதலை என்று கைக்கு அகப்பட்டதில் உட்கார்ந்து சறுக்கினார்கள். ஒரு சர்ச் வாசலில் பாதிரியாரும் கன்னியாஸ்திரீகளும் ஒருவர் மேல் ஒருவர் பனி உருண்டை வீசிக்கொண்டார்கள். நாடு முழுக்கப் பார்த்துச் சிரித்தது.

இதே பர்பன் தெருவில்தான் மூன்று வாரம் முன்பு, புத்தாண்டு விடியற்காலையில், ஒருவன் கூட்டத்தின் மேல் பிக்கப் வண்டியை ஏற்றி 14 பேரைக் கொன்றிருந்தான். அதற்குப் பிறகு ஊர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

என் நண்பர் மட்டும் வெளியே வரவில்லை. அரைமணிக்கொரு தரம் லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, பல்பு நல்லாத்தானே இருக்கு?"

"2021-ல நான் ஹூஸ்டன்ல இருந்தேன்ப்பா..." என்றார்.

2021 பிப்ரவரி. டெக்ஸாஸ் முழுக்கக் கடும் குளிர். மற்ற மாநிலங்களோடு பெரிதாகச் சேராமல் தனிக் குடித்தனம் நடத்துகிற மின்சாரத் தொகுப்பு அவர்களுடையது. எரிவாயுக் கிணறுகள் உறைந்தன. வாயு இல்லாமல் மின்சாரம் நின்றது. மின்சாரம் இல்லாமல் வாயுவை அனுப்பும் இயந்திரங்கள் நின்றன. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்! பிப்ரவரி 15 விடியற்காலையில் மொத்தத் தொகுப்பும் படுத்துவிட 4 நிமிடம் 37 விநாடிதான் பாக்கி. 45 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருட்டில்.

"ரெண்டு நாள் கரன்ட் இல்லை. ஒரே ரூம்ல எல்லா போர்வையும் போட்டு, குழந்தையை நடுவுல படுக்க வெச்சிருந்தோம். கராஜ்ல காரை ஸ்டார்ட் பண்ணி ஹீட்டர்ல உக்காரலாமான்னு தோணிச்சு. இவதான் கூடாதுன்னுட்டா."

அந்த அம்மாள் செய்தது சாதாரண காரியம் இல்லை. மூடிய கராஜில் கார் ஓடினால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். வாசனையும் கிடையாது, புகைச்சலும் தெரியாது. அந்த வாரத்தில் அப்படி உயிர் விட்டவர்கள் பலர். மாநில அரசின் கணக்கில் மொத்தச் சாவு 246.

மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்தே ஆக வேண்டும் என்று அதே வருஷம் டெக்ஸாஸில் சட்டம் போட்டார்கள். 2025 ஜனவரியில் ஹூஸ்டனிலும் பனி விழுந்தது. தொகுப்பு தாங்கிக்கொண்டது. குழந்தைகள் பனி பொம்மை செய்தார்கள்.

ஆக, பனி ஒன்றுதான். கரன்ட் இருந்தால் திருவிழா, போனால் இழவு.

கம்பெனி செலவில் டெக்ஸாஸ், புளோரிடா என்று பறக்கப் போகிற தம்பிகளே! "வெயில் ஊருதானே" என்று நாலு டீ-ஷர்ட்டோடு கிளம்பாதீர்கள். பெட்டியில் ஒரு நல்ல ஸ்வெட்டர், ஒரு டார்ச். பாரன்ஹீட்டில் 32 என்றால் நம்ம ஊர் 32 இல்லை, உறைநிலை. குளிர் வரப்போகிறது என்றால் குழாயைச் சொட்ட விடுங்கள். கராஜில் காரை ஓட விடாதீர்கள். கரி அடுப்பையும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

அம்மா பெட்டியில் மங்கி குல்லாய் வைத்தால், ஸ்டைல் பார்த்து எடுத்து வெளியே போடாதீர்கள். நியூ ஆர்லியன்ஸில் அன்றைக்கு அதற்கு நல்ல கிராக்கி!