திரைக்குப் பின் ஒரு மடக்குக் கத்தி

நுழையும்முன்

நாடகம் ஒரு கூட்டுக்கலை. மேடையில் தோன்றுவோரை நாம் அறிவோம். தோன்றாமலேயே நாடகத்தைத் தாங்கி நிற்போரை அறிவதில்லை. பின்மேடைப் பணியாளர் ஒருவர், தமக்கென ஒரு கைக்கருவியைத் தேர்ந்தெடுத்த அனுபவத்தை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறார்.

திரை விலகியதும் பார்வையாளர் காண்பது அரண்மனை. அதன் மறுபுறத்தில் இருப்பவை மூங்கில் சட்டமும் சாக்குத்துணியும் சணல்கயிறும் ஆணியும்தாம். அந்த மறுபுறமே என் பணியிடம். சென்னையின் பயில்முறை நாடகக் குழுக்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்மேடைப் பணியாற்றி வருகிறேன். படுதா கட்டுதல், தட்டிகளை நிறுத்துதல், காட்சிக்குரிய பொருள்களை எடுத்துவைத்தல், காட்சி மாறும் இருட்டில் அவற்றை அகற்றுதல் ஆகியன என் கடமைகள்.

இப்பணியில் கத்தி ஓயாது வேண்டப்படும். ஒட்டுநாடாவை அறுக்க வேண்டும். கயிற்றின் மிச்சத்தை நறுக்க வேண்டும். அட்டையையும் தெர்மாகோலையும் வடிவுக்குச் செதுக்க வேண்டும். நடிகரின் உடையில் தொங்கும் நூலை நீக்க வேண்டும். தரையில் இடம் குறிக்கும் பென்சிலைச் சீவ வேண்டும். நாடகம் தொடங்கிய பிறகு கருவிப்பெட்டியைத் தேடிச் செல்ல நேரமில்லை. ஆதலால் கத்தி சட்டைப்பையில் இருக்க வேண்டும்; சட்டைப்பையில் இருக்க வேண்டுமாயின், அது மடங்க வேண்டும்.

மூன்று கத்திகள்

1998ஆம் ஆண்டில் ஒரு நாடகத்திற்கு எனக்குக் கிடைத்த ஊதியம் 60 ரூபாய். பாரிமுனைக் கடையொன்றில் மூன்று மடக்குக் கத்திகளை என்முன் வைத்தார்கள். ஒன்றின் விலை 35 ரூபாய். மற்றொன்று 180 ரூபாய். மூன்றாவது, வெளிநாட்டில் செய்யப்பட்டது, 900 ரூபாய். உடன் வந்திருந்தவர் எங்கள் குழுவின் மூத்த பின்மேடைக் கலைஞர். அவரைப் ‘பெரியவர்’ என்றே அனைவரும் அழைப்போம்.

“தம்பி, கூர்மையை அப்புறம் பார்க்கலாம்; மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். முதலில் பூட்டைப் பார்” என்றார் அவர்.

35 ரூபாய்க் கத்தியில் பூட்டே இல்லை. வில்லின் விசை மட்டுமே அதன் அலகைத் திறந்த நிலையில் நிறுத்தியிருந்தது. பழம் நறுக்க அது போதும். கெட்டியான கயிற்றை அழுத்தி அறுக்கும்போதோ, முனை எங்கேனும் சிக்கும்போதோ, அத்தகைய அலகு திரும்பி விரல்மேல் மடங்கிவிடும். எங்கள் தோழர் ஒருவரின் சுட்டுவிரலில் இருந்த தழும்பு அவ்வாறு வந்ததே. 180 ரூபாய்க் கத்தியில், கைப்பிடிக்குள் இருந்த மெல்லிய உலோகத் தகடு அலகின் அடியில் வந்து முட்டுக்கொடுத்து நின்றது. பெரியவர் அலகை விரித்து, மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி பிடித்து, அதன் முதுகை மேசை விளிம்பில் மெல்ல அழுத்தினார். அது அசையவில்லை. ஒரே கையால் திறக்கவும் மூடவும் முடிந்தது. மற்றொரு கை கயிற்றைப் பிடித்திருக்கும் பணியில் இஃது இன்றியமையாத தேவை.

அலகும் முனையும்

அடுத்து, எஃகு. கரிம எஃகு எளிதில் கூர்மை பெறும்; எளிதில் துருவும் பிடிக்கும். சென்னையின் கடற்காற்றையும் உள்ளங்கை வியர்வையையும் கருதித் துருப்பிடிக்கா எஃகையே நான் நாடினேன். பாதி அலகில் ரம்பப்பல் உள்ள கத்திகள் நைலான் கயிற்றை விரைந்து அறுக்கும். ஆனால், வீட்டுச் சாணைக்கல்லில் அவற்றைத் தீட்டுவது கடினம். ஆகவே, நேர்விளிம்பே எனக்குப் பொருந்தியது. நீளம் உள்ளங்கையின் அகலத்தை மிஞ்ச வேண்டியதில்லை. நெரிசலான பின்மேடையில் நீண்ட அலகு அருகில் நிற்பவருக்கே ஆபத்து.

கடைக்காரர் கூறாத இரண்டு தகுதிகளைப் பெரியவர் கூறினார். ஒன்று ஓசை. மேடையில் ஒருவர் தாழ்ந்த குரலில் அழும்போது, பக்கத்தட்டிக்குப் பின்னால் ‘டக்’ என்று கத்தி திறந்தால் முன்வரிசைக்குக் கேட்கும். கட்டைவிரலால் மெல்லத் திறக்க இயலுகிறதா என்று காதருகே வைத்துச் சோதித்தோம். மற்றொன்று ஒளி. பளபளக்கும் அலகு மேடை விளக்கைத் திருப்பி வீசும். 180 ரூபாய்க் கத்தியின் அலகு மங்கலான சாம்பல் நிறம் கொண்டிருந்தது.

900 ரூபாய்க் கத்தி அழகானது. ஆனால், பின்மேடையில் கத்திகள் தொலையும், இரவல் போகும், படுதாவோடு சுருட்டப்பட்டு அடுத்த ஊருக்குப் பயணம் செய்யும். இழந்தால் வருந்திக்கொண்டிருக்க வேண்டிய கருவி பணியாளனுக்கு உதவாது. நம்ப முடியாத கருவியும் உதவாது. மூன்று நாள் ஊதியத்தைக் கொடுத்து நடுவில் இருந்ததை வாங்கினேன்.

விலை குறைந்த கத்தி நல்ல கத்தியாகவும் இருக்கலாம் என்பதற்கு உலகில் சான்றுண்டு. பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில், ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் மரக்கைப்பிடி கொண்ட எளிய மடக்குக் கத்தியைச் செய்தார். உழவரும் தொழிலாளரும் அதனைப் பயன்படுத்தினர். 1955இல் அதன் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. இத்தனை எளிய பூட்டு அதனை மேலும் பாதுகாப்பானதாக்கியது.

தெரிந்து தெளிவோம்

சிலப்பதிகார அரங்கேற்று காதை மூவகைத் திரைகளைக் கூறுகிறது. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி.

கயிறு கற்பித்தது

ஒருமுறை புராண நாடகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. விளக்கணைந்த இடைவெளியில் வனக்காட்சிப் படுதா மேலே ஏற வேண்டும். அரசியாக நடித்த பெண் வெளியேறும்போது, படுதாவின் அடிக்கயிறு அவர் கணுக்காலில் சுற்றிக்கொண்டது. உத்தரத்துக் கப்பி வழியாக மறுமுனையை இருவர் இழுக்கத் தொடங்கியிருந்தனர். அவர் ஒற்றைக் காலில் தடுமாறினார், குரல் எழுப்பவில்லை.

இழுவையில் உள்ள கயிற்றை அறுக்கலாகாது என்பது பின்மேடையின் முதல் விதி. அறுந்த கயிறு சாட்டையெனத் திரும்பும். அது தாங்கிய சுமை கீழிருப்பவர்மேல் விழும். எனவே, கையிலிருந்த சிறு விளக்கை இருமுறை அசைத்து இழுப்பவர்களை நிறுத்தினேன். கயிறு தளர்ந்தது. முடிச்சை அவிழ்க்க அவகாசமில்லை. கயிற்றுக்கும் காலுக்கும் இடையே என் விரலை நுழைத்து, அலகை வெளிப்புறம் நோக்கி வைத்து அறுத்தேன். படுதா ஏறியது. விளக்கு எரிந்தபோது அரசி தம் இடத்தில் நின்று அடுத்த வசனத்தைப் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு பெரியவர் கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “விளக்கை முதலில் அசைத்தாயே, அது போதும்” என்றார்.

கைமாறும் கருவி

பெரியவர் எவருக்கும் கத்தியைக் கையில் கொடுத்ததில்லை. மடித்து மேசைமேல் வைப்பார். வேண்டுபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று வீடுகளில் சொல்வார்கள். இருட்டில் பணியாற்றுவோருக்கு அந்நம்பிக்கைக்குள் ஒரு பாதுகாப்பு விதியும் இருக்கிறது.

இன்று எங்கள் குழுவிற்கு வரும் இளைஞர்கள் எந்தக் கத்தி வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் விலையைச் சொல்வதில்லை. பூட்டைச் சோதிக்கும் முறையையும், தளராத கயிற்றில் அலகை வைக்கலாகாது என்பதையும் சொல்கிறேன். பிறகு என் கத்தியை மடித்து மேசைமேல் வைக்கிறேன். அவர்களே எடுத்துத் திறந்து பார்க்கட்டும் என்று.